இரண்டு பாரத்தில் ஒரு கையெழுத்து

எழுபதுகளின் நடுப்பகுதி. பதுளைக் கச்சேரியின் மேல்மாடியில் ஒரு அறை. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்க அலுவலகத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்கிறேன்.

அன்று மேசைக்கு இந்தப் பக்கம் நான், என் மனைவி, அவள் மடியில் ஒன்றரை வயது மகள். அந்தப் பக்கம் ஒரு வயதான சிங்கள அதிகாரி. நல்ல மனிதர், குழந்தைக்கு விளையாட ரப்பர் முத்திரை ஒன்றைக்கூடக் கொடுத்தார். எனக்குப் பிரஜாவுரிமை கொடுக்கலாமா என்று விசாரிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழர் பலரையும் போல எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. அவள் சிங்களப் பெண், இந்த நாட்டுப் பிரஜை. பிரஜையைக் கட்டியவர் என்ற வழியில் நானும் விண்ணப்பிக்கலாம் என்று எங்கள் கத்தோலிக்கக் கோவில் சுவாமியார் சொன்னார். விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்ததும் அவள்தான், நிரப்பியதும் அவள்தான், தபாலில் போட்டதும் அவள்தான். என் பங்குக்கு நான் போட்டது ஒரு கையெழுத்து.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பதுளையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். காலையில் கன்னியாஸ்திரிகள் மடத்துக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே தையல் அறையில் அவள் வேலை செய்தாள். அவளுடைய அப்பா கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து பதுளைச் சந்தையில் கருவாட்டுக் கடை போட்டவர். சந்தையிலேயே வளர்ந்ததால் அவளுக்குத் தமிழ் பேச வரும். கருவாடு விற்கிற தமிழ்தான், ஆனால் கேட்க நன்றாக இருக்கும். இருவரும் ஒரே கோவில். அவள் சிங்களப் பூசைக்கு வருவாள், நான் தமிழ்ப் பூசைக்குப் போவேன். பிறகு நானும் சிங்களப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். பக்தி கூடிவிட்டது என்று சுவாமியார் நினைத்திருப்பார்.

ஒரு நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்த வாரத்தில் அவள் என்னிடம் நேராகவே கேட்டாள்.

“தோட்டத்து ஆக்கள் எல்லாம் இந்தியாவுக்கு எழுதுறாங்க. நீங்களும் போற ஆள்னா இப்பவே சொல்லுங்க. பின்னால சொல்ல வேணாம்.”

“ஐயோ, நான் எங்க போகப்போறேன்” என்றேன். அவள் நம்பினாள். அந்த நேரத்தில் நான் சொன்னதும் உண்மைதான்.

அடுத்து வந்த பெரிய வெள்ளி முடிந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போனேன். அம்மா முன்பே தவறிவிட்டதால் அந்த லயத்து அறையில் அப்பா மட்டும்தான். நாடில்லாத தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது; இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதுவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா குடும்பம் எழுதிவிட்டது, பக்கத்து வீடுகளும் எழுதிவிட்டன. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் காலையில் கூடும்போதே அதைத் தவிர வேறு பேச்சில்லை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். இரண்டு பாரங்களைத் தகரப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு, “போவமா, இருப்பமா? நீ சொல்றதுதான்” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பதுளையில் ஒரு பெண் இருக்கிறாள், சிங்களப் பெண், அவளைத்தான் கட்டப்போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பயம். அப்பா அடிக்கிற மனிதர் இல்லை, ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவாரே என்ற பயம். ஊரே போகிறது, அவருக்கும் போக ஆசையாக இருக்கும் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டு, “நீங்க போறதுன்னா நானும் வர்றேன்ப்பா” என்றேன். இரண்டு பாரத்தையும் நானே நிரப்பினேன். அவர் ஒன்றில் கைநாட்டு வைத்தார், நான் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். அரசாங்க வேலைதானே, எங்காவது மூலையில் கிடக்கும், யார் தேடப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

கல்யாண விஷயத்தையும் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் இருவருடைய ஊர்க் கோவிலிலும் மூன்று ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும் அல்லவா? மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்து அந்தோனியார் கோவிலுக்குப் பூசை வைக்கப் போகிற சுவாமியார், மூன்று ஓலையையும் ஒரேயடியாக வாசித்துவிட்டார். இன்னார் மகன் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும். பெண்ணின் பெயரைக் கேட்டதும் கோவிலே அப்பாவைத் திரும்பிப் பார்த்ததாம். அப்பா பூசை முடியும்வரை முழந்தாளிலேயே இருந்தாராம். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

இதெல்லாம் மனதில் ஒரு மூலையில் கிடக்க, கச்சேரி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி இரண்டாவதாக ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். உங்கள் கணவர் ஏற்கெனவே இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறாரே, விரைவில் அங்கிருந்து அழைப்பு வந்துவிடும், ஒருவர் இரண்டு நாட்டைக் கேட்க முடியாதே என்று சிங்களத்தில் சொன்னார்.

அவள் சிரித்துவிட்டாள். அது இவராக இருக்காது, தோட்டங்களில் இந்தப் பெயரில் ஐம்பது பேர் இருப்பார்கள் என்றாள். அதிகாரி தகப்பன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரிலும் எத்தனையோ பேர் என்றாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். தோட்டத்துக் கிளார்க்குமார் தாங்களாகவே எழுதி அனுப்பியிருப்பார்கள், பாவம், படிக்காத சனங்கள் என்று எனக்காக வழக்காடினாள். என் கணவர் என்னிடம் சொல்லாமல் எதையும் செய்கிறவர் இல்லை என்றும் சொன்னாள். நான் பக்கத்தில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி அவளை நிறுத்தியிருக்கலாம். அவள் பேசப்பேச, ஒருவேளை அதிகாரி நம்பிவிடுவாரோ என்று எனக்குள் ஒரு நப்பாசை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அதிகாரி பாரத்தைத் திருப்பி, கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் கல்யாணப் பதிவில் அவள் தன் பெயருக்கு மேலே பார்த்த அதே கையெழுத்து. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். காது மடல் சிவந்துவிட்டது. அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்டாள், நான் கேட்கவில்லை.

அந்த மனிதர் கோபப்படவில்லை. இவருடைய தகப்பனார் நேரில் வந்து, மகன் கல்யாணம் முடித்துத் தனியாக இருக்கிறான், என் குடும்பத்தோடு வரப்போவதில்லை என்று வாக்குமூலம் கொடுத்தால் அந்தப் பாரத்தை நீக்க எழுதிப் பார்க்கலாம் என்றார். இல்லாவிட்டால் அழைப்பு வரும்போது நான் கப்பலேற வேண்டியதுதான். அவளும் பிள்ளையும் தெரியாத ஊருக்கு என் பின்னால் வரவேண்டும், அல்லது இங்கேயே தனியாக இருக்கவேண்டும்.

படியிறங்கி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எப்ப போட்டது அந்தக் கையெழுத்து?”

“உன்னைத் தெரியுறதுக்கு முந்தி” என்றேன்.

பிடிபட்ட பிறகும் ஒரு பொய். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “அப்ப சரி” என்று பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

அப்பாவிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேக்கரியில் லீவு இல்லை என்றேன், வயிற்றுவலி என்றேன். இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றோடு தனியாகவே பசறை வழியாகப் பஸ் ஏறிவிட்டாள். பஸ் நிற்குமிடத்திலிருந்து லயத்துக்கு மூன்று மைல் ஏற்றம். முன்பின் பார்த்திராத மாமனாரிடம் என்ன பேசினாளோ, எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, “திங்கக்கிழமை வாறாங்க” என்றாள், அவ்வளவுதான்.

சொன்னபடி அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, மேலே பழைய கறுப்புக் கோட்டு. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். அதிகாரிக்குத் தமிழ் வராது, அப்பாவுக்குச் சிங்களம் வராது. தமிழ் தெரிந்த கிளார்க் அன்று வந்திருக்கவில்லை. அதனால் அவளே இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

மகன் எப்போது கையெழுத்துப் போட்டான், ஏன் போட்டான் என்று அதிகாரி கேட்டார். அவள் அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

“அந்த வருசம் நத்தார் போயி, பெரிய வெள்ளியும் போயிருச்சுங்க. கடைசி நாளுக்குக் கிட்ட லயத்துக்கு வந்தான். இவன் வர்றேன்னு சொன்னதாலதான் நானும் இந்தியான்னு எழுதினேன். இல்லாட்டி எனக்கு அங்க யாருங்க இருக்கா? இவன் இங்கதான்னு சொல்லியிருந்தா நானும் இங்கயே கேட்டிருப்பேன்.”

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நத்தார் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, அப்பா சொன்னதை ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னாள். நத்தாரையும் சொன்னாள், பெரிய வெள்ளியையும் சொன்னாள். அவள் குரல் ஒரு இடத்திலும் மாறவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அப்பாவுடையதை இனி மாற்ற முடியுமா என்று அவளாகவே அதிகாரியிடம் கேட்டாள். அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. முடியாது என்று அவர் தலையசைத்தார். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம், தோட்டத்தில் பெயரும் வெட்டியாகிவிட்டதாம். இதுகூட எனக்கு அப்போதுதான் தெரியும்.

“மாமா, இவரு உங்க குடும்பத்துல இல்லன்னு சொல்லணுமாம்.”

அப்பா கொஞ்ச நேரம் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். “அப்படியே எழுதிக்கிடச் சொல்லு தாயி” என்றார். கைநாட்டு வைத்துவிட்டு மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். கீழே வந்து தேநீர்க்கடையில் மூவரும் உட்கார்ந்தோம். அவள் அவருக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதில் பாதியைப் பிய்த்துப் பேத்திக்குக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் அவர் சித்தப்பா குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது என்னை விட்டுவிட்டு அவளிடம்தான் பேசினார். “அவன் கெட்டவன் இல்ல தாயி, பயந்தாங்கொள்ளி. நீதான் பாத்துக்கிடணும்” என்றார். எனக்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீலகிரியில் இருந்து மூன்று கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தவை. நாலாவது கடிதம் சித்தப்பா எழுதியது. அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம் கழித்து அது என் கைக்கு வந்தது.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மகளுக்கும் கிடைத்தது. அத்தாட்சிப் பத்திரத்தை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றியோ, படியில் நான் சொன்ன பொய்யைப் பற்றியோ அவள் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. சண்டை பிடிக்கும்போதுகூட எடுத்ததில்லை. மறந்துவிட்டாளோ என்று சில நேரம் நினைப்பேன். வருடாவருடம் அப்பாவின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறவள் அவள்தான், அதுவும் பெரிய வெள்ளி முடிந்த வாரத்தில். மறந்தவள் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டாள்.

இதை நான் எழுதும்போது அவள் அடுத்த அறையில் பேரனுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள், சும்மா என்று சொல்லிவைத்தேன். நன்றாகத் தமிழ் பேசுகிறவளுக்கு இன்றுவரை தமிழ் வாசிக்க வராது. அவளிடம் நேரே கேட்க வேண்டிய மன்னிப்பை இப்படித் தமிழில் எழுதி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், அப்பா அவளிடம் சொன்ன அந்தப் பயந்தாங்கொள்ளி இன்னும் மாறவில்லை என்றுதானே அர்த்தம்.