நெடுங்கேணி பஸ்ஸில் ஒரு லண்டன் கொலைகாரன்

காலை ஏழு மணிக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். நெடுங்கேணிக்கு ஒரு ரூபா ஐந்து சதம். இருக்கையில் பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் போலும்.

எட்டு மணிக்குப் புளியங்குளம். இயந்திரம் கொதித்துவிட்டது என்று நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்த, நெடுங்கேணியில் வயல் செய்யும் கமக்காரர் கந்தையா, என் கையிலிருந்த பத்திரிகையை உரத்து வாசிக்கச் சொன்னார். எழுபது வருஷங்களுக்கு முன் லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஐந்து ஏழைப் பெண்களைக் கத்தியால் கிழித்துக் கொன்றது யார்? இன்றுவரை தெரியாது. டாக்டர் என்கிறார்கள். இறைச்சி வெட்டுபவன் என்கிறார்கள். பிழைக்க வந்த யூதச் சப்பாத்துத் தொழிலாளி என்கிறார்கள்.

"இறைச்சிக்காரன்தான். வேறை ஆர்?" என்று கந்தையா முன் இருக்கையைப் பார்த்தார். அங்கே முல்லைத்தீவு இறைச்சி வியாபாரி மீரான் இருந்தார்.

"மாடு வெட்டினா மனிசரையும் வெட்டுவமோ, அண்ணை? வயலிலை நெல்லு அருவி வெட்டுற நீங்களும் கத்தியோடதானே திரியிறியள்?" என்றார் மீரான். பஸ்ஸே சிரித்தது. "பிழைக்க வந்தவனெண்டா முதல் அவனைத்தான் பிடிப்பினம். லண்டனிலையும் அதுதான் போல."

நானும் சிரித்துக்கொண்டு அடுத்த பந்தியை வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. கொலை செய்தது ஒரு மருத்துவிச்சி என்றும் ஒரு கதை உண்டாம். பிரசவம் பார்ப்பவள் விடியற்காலையில் இரத்தக் கறையோடு நடந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களாம்.

கந்தையாவின் முகம் மாறியது.

"எங்கட மருத்துவிச்சி பொன்னம்மாவும் அப்பிடித்தான்," என்றார். பிரசவ வீட்டிலிருந்து வருகிறவள் குளத்தில் முழுகும்வரை அவளோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள். துடக்காம், தீட்டாம். "போன மாசம் வாய்க்காலிலை ஒரு பொடிச்சி தலை உடைஞ்சு செத்துக் கிடந்தவள். ஆர் அடிச்சதெண்டு பொலிசுக்கும் தெரியேல்லை. அண்டு விடிய பொன்னம்மா அந்தப் பக்கத்தாலைதான் இரத்தத்தோட வந்தவள். நான் கண்டனான். இந்தக் கிழமை என்ர மருமகளுக்குப் பிள்ளை பிறக்கிற நாள். இனி அவளை வளவுக்குள்ளை விடேலாது."

"அப்ப ஆர் பெறுவிக்கிறது? நீங்களோ?" என்றார் மீரான்.

ஆஸ்பத்திரி இருபது மைலுக்கு அப்பால். இது வெறும் பத்திரிகைக் கதை, மடத்தனம் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? வாசித்தவனே நான்தானே.

பத்து மணிக்கு நெடுங்கேணி. பிளேன்ரீ ஐந்து சதம். நாங்கள் குடித்து முடிக்குமுன் கண்டக்டர் கடை முழுவதும் கதையைப் பரப்பிவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பொன்னம்மா ஒரு பிரசவ வீட்டிலிருந்து துணி மூட்டையோடு குளத்துக்குப் போனாள். கடையில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். அவர்களுடைய துடக்கைப் பற்றி எனக்கு என்ன கவலை? தெருவில் இறங்கி நேராகக் கேட்டேன்.

"அந்தப் பொடிச்சி செத்த அண்டு நீங்கள் வாய்க்காலடியிலை நிண்டனீங்களோ? இவை உங்களைத்தான் சொல்லினம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கந்தையாவைப் பார்த்தாள்.

"நிண்டனான். ஒரு பிரசவ வீட்டாலை வரேக்கை கண்டனான். கல்லிலை சறுக்கிப்போட்டுது எண்டு அவளே சொன்னவள். அப்ப மூச்சு இருந்தது, ஐயா. தனியத் தூக்கேலாமல் உங்கட வளவுக்குத்தான் முதல் ஓடி வந்தனான். வாய் திறக்க முன்னம் 'முழுகீட்டு வா' எண்டு படலையைச் சாத்தினீங்கள். நாலு வளவிலையும் அதுதான். முழுகி ஓடிப்போய்ப் பாக்க, மூச்சு நிண்டிட்டுது. பிறகு ஆர் என்னைக் கேட்டது?"

கந்தையா கதிரையை விட்டு எழும்பினார். முழுகாத அந்தப் பெண்ணுக்கு அருகே வந்து நின்றார். எல்லோரும் பார்த்தார்கள்.

"மருமகளுக்கு நாள் கிட்டிட்டுது, பொன்னம்மா. வருவியோ?"

"வருவன். உள்ளையிருந்து வந்து நான் ஏதும் சொன்னா, அந்த இடத்திலையே நிண்டு கேக்க வேணும். முழுகச் சொல்லப்படாது."

"ஓம்," என்றார் கந்தையா, நிலத்தைப் பார்த்தபடி.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் புறப்பட்டேன். வழியில் பத்திரிகையை மறுபடி விரித்தேன். யார் கொன்றது, யார் கொன்றது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். லண்டனில் ஒரு பெண் 'கொலை' என்று கத்தியது அயலவர் காதில் விழுந்ததாம். அந்தத் தெருவில் வழக்கமான சத்தம்தானே என்று அவர்கள் எழும்பவில்லையாம். அதற்கு ஒரேயொரு வரி. காலையில் அந்த வரியை நானும் உரத்து வாசிக்கவில்லை. சுவையில்லை என்று தாண்டிவிட்டேன்.