கற்கண்டை மறைத்துச் சொன்ன சாட்சி

அன்பான சகோதர சகோதரிகளே, 2006-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழா அரங்கில், மேடைக்கு முப்பதடி தூரத்தில், நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். இதை ஏற்கெனவே நம் சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது பாதியை மறைத்துவிட்டேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வீடு தாம்பரம் சானடோரியத்தில். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம் ஆனதால் அந்தப் பட்டம் தபாலில் வந்தது. கறுப்பு அங்கியை மற்றவர்களின் போட்டோவில்தான் பார்த்தேன். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி மேற்படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ., சேர்ந்தேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். வந்தது டீச்சர் இல்லை என்று தெரிந்ததும் ஒரே சிரிப்பு. அன்று தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தவர்கள் நசீமாவும் காயத்ரியும். என் மகளைவிடச் சின்னப் பெண்கள்.

புள்ளியியல் தாளில் இரண்டு முறை தோற்றேன். அழுதேன். முழங்காலில் நின்று பொருத்தனை செய்தேன்: "ஆண்டவரே, இதில் மட்டும் என்னைத் தேறவைத்துவிடும். விழா நாளில் பட்டத்தைக் கையில் வாங்கும்வரை உபவாசம் இருப்பேன்." மூன்றாம் முறை தேறினேன்.

விழா நாள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் நான் சர்க்கரை வியாதிக்காரி. மாத்திரை சாப்பாட்டில் சேராது, அதனால் உபவாசம் முறியாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வழக்கமான மாத்திரையைப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல! "சாப்ட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு "ஆச்சு" என்றேன். உபவாச நாளில் பொய். அந்த மனுஷன் 'பெற்றோர்' என்று அச்சடித்த பாஸைச் சட்டையில் குத்திக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்.

எங்கள் துறையில் பன்னிரண்டே பேர். நாங்கள் மூவரும் ஒட்டி உட்கார்ந்தோம். கைப்பைகளை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பெயரை ஒரு தடவைதான் கூப்பிடுவோம், அப்போது இல்லாதவர்களுக்குப் பட்டம் தபாலில் வரும் என்று முந்தின நாள் ஒத்திகையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் தபாலா?

சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு அங்கிக்குள் தெப்பமாக வேர்த்தது. மேடை விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"என்னக்கா இப்படி வேர்க்குது? கை ஜில்லுன்னு இருக்கு. சாப்ட்டீங்களா?" என்றாள் நசீமா.

இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. "உபவாசம்மா. மாத்திரை மட்டும் போட்டேன்."

"ஐயோ அக்கா! இது லோ சுகர். எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆகும். எந்திரிங்க, வெளிய போயிடலாம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். உயிர் போகிற நேரத்திலும் வீம்பு. ஆனால் உள்ளே பயம் என்னைப் பிடுங்கியது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரை நினைத்தேன். "ஆண்டவரே, என்னை இங்கே விழவிடாதேயும். ஏதாவது அனுப்பும்" என்று கூப்பிட்டேன்.

காயத்ரி அங்கிக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே விபூதி ஒட்டிய கற்கண்டு. அதை அவள் உடனே நீட்டவில்லை.

"அக்கா, இது கோயில்ல குடுத்த பிரசாதம். நீங்க தொடமாட்டீங்கன்னு தெரியும். ஆனா இப்போ எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்லக்கா."

அவள் தயங்கியதற்குக் காரணம் நான்தான். படைத்ததை நாம் சாப்பிடுவதில்லை. அதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நானோ ஒரு முறை அவள் நீட்டிய பொங்கல் டப்பாவைப் புறங்கையால் தள்ளிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் என் எதிரில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

பொட்டலத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆண்டவர் மேலேயே கோபம். உதவி கேட்டால் இதையா அனுப்புவீர்? நாக்கு தடித்து, காது அடைத்துக்கொண்டு வந்தது.

"வாயத் திறங்கக்கா!" என்று நசீமா அதட்டினாள். திறந்தேன். காயத்ரி ஒவ்வொன்றாகப் போட்டாள். விபூதியோடு சேர்த்துக் கடித்து விழுங்கினேன்.

கால் மணி நேரத்தில் விளக்குகள் ஒன்றானதாக ஞாபகம். காயத்ரி என் முழங்கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். "காலைல உங்க பேருக்குத்தான் அக்கா அர்ச்சனை பண்ணேன், நீங்க நல்லபடியா மேடை ஏறணும்னு. குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு. உங்களுது தெரியல. என்னோடதையே சொல்லிட்டேன்."

அதற்குள் எங்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடை ஏறினேன். பட்டத்தை என் கையால் வாங்கினேன். பெற்றோர் வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். கீழே வந்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். பெண்கள் முன்னாலேயே அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி வந்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன். மயக்கம் வந்தது, ஜெபித்தேன், பெலன் வந்தது. அவ்வளவுதான். கற்கண்டைச் சொல்லவில்லை. அல்லேலூயா என்றீர்கள். கட்டிப்பிடித்தீர்கள். நான் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைத் திறந்தேன், பாட வாய் வரவில்லை. ஒரு பிள்ளை செய்த நன்மையை நான் திருடிவிட்டேன். மூன்று வருடம் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

போன மாதம் நாவலூரில் வேலை பார்க்கும் காயத்ரியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க வாயத் திறந்தீங்களேக்கா, அது போதும்" என்றாள். அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சகோதரிகளே, உபவாசம் இருங்கள். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள். இக்கட்டில் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள், கேட்பார். எனக்குக் கேட்டார். ஆனால் பதில் யார் கையில் வர வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். என் சாட்சி சரியில்லை என்று தோன்றினால் என்னைக் கண்டியுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு முறை மட்டும் மறைக்க மாட்டேன்.

மகிமை ஆண்டவருக்கு. என் நன்றி காயத்ரிக்கு.