மிலானில் பிடித்த பலகை

மாம்புரிக் கிராமத்துச் செலஸ்தினாவுக்கு அன்று ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யுத்தம் முடிந்தபின் இத்தாலிக்கு வேலைக்குப் போன அவள் காதலி யூஜினி, மிலானில் தன்பாலினக் காதலர்கள் நடத்திய ஊர்வலத்தில் முகம் மறைக்காமல் நடந்திருந்தாள். "மாம்புரியிலும் நாங்கள் இருக்கிறோம்" என்ற பலகையோடு அவள் நின்ற படம் ஊரெங்கும் போனில் சுற்றியது.

"நீ அங்க துணிஞ்சு நிக்கிறாய். இங்க அண்ணன் என்னோட கதைக்கிறதில்ல," என்றாள் செலஸ்தினா போனில்.

"படத்த அழிக்கட்டா?"

அந்நேரம் பக்கத்து ஊரான முந்தலிலிருந்து பஸ்ஸில் வந்த இளம்பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். "நீங்க யூஜினியக்காட கூட்டாளிதானே? அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் வந்தன். நானும் உங்களப் போலதான்," என்றாள்.

செலஸ்தினா அவளைக் கதிரையில் இருத்தினாள். "அழிக்காத," என்றாள் யூஜினியிடம்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு செலஸ்தினா வீட்டில் அவர்களைப் போன்ற நாலு பேர் கூடினார்கள். வெளியே சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வருவது அண்ணனோ, இன்னொருத்தியோ என்று செலஸ்தினா எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள்.