ஜனவரி மாத மணியகாரர்

1. சாவியோடு வந்த அட்டை

அரவேணுவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெண்கள் விடுதியில் நான் காப்பாளராகச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் நாள், எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்த அம்மையார் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தார். கூடவே ஓர் அட்டை. அதில் பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொரு மாதத்துக்கு நேரே ஓர் ஊர். ஜனவரிக்கு நேரே நடுவட்டம் என்றிருந்தது.

“இதென்னங்க?” என்று கேட்டேன்.

“நம்ம மணியகாரங்க லிஸ்ட்டு. சாலொமோன் ராஜாவோட ஏற்பாடு” என்றார், ஏதோ போன வாரம் ராஜா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனதைப் போல.

விஷயம் இதுதான். பழைய இஸ்ரவேலை ஆண்ட சாலொமோன் தன் நாட்டைப் பன்னிரண்டு பகுதிகளாக்கி, பகுதிக்கு ஒரு மணியகாரரை வைத்தார். வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்கு வேண்டிய உணவை ஒருவர் சேகரித்து அனுப்ப வேண்டும். எங்கள் விடுதியைத் தொடங்கியவர்கள் அதே முறையை இங்கே கொண்டுவந்தார்கள். அரிசியும் பருப்பும் விடுதி வாங்கிக்கொள்ளும். காய்கறியும் கிழங்கும் மலையில் உள்ள பன்னிரண்டு ஊர்த் திருச்சபைகள் முறை வைத்து மாதம் ஒன்றாகத் தர வேண்டும். ஒவ்வொரு சபையிலும் அதற்குப் பொறுப்பான ஒருவர் இருப்பார். அவரை நாங்களும் மணியகாரர் என்றே சொல்வோம்.

“ரெண்டே ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்க. கொண்டு வர்ற மூட்டைய அவங்க முன்னாடி பிரிச்சுப் பாக்காத. எதையும் திருப்பி அனுப்பாத. அது காணிக்கை, கடைச் சரக்கில்ல” என்றார் அம்மையார்.

பத்தொன்பது ஆண்டுகளில் நான் ஒழுங்காகப் பின்பற்றிய விதிகள் என்றால் அவை இரண்டும்தான்.

2. ஜெனி கேட்ட கேள்வி

சனிக்கிழமை வேதபாட வகுப்பும் என் பொறுப்பு. அந்தப் பன்னிரண்டு பேர் மீது எனக்கு எப்போதும் ஓர் ஆர்வம் உண்டு. போர்வீரர்களையும் தீர்க்கதரிசிகளையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இவர்களோ சமையலுக்குச் சாமான் அனுப்பியவர்கள், என்னைப் போன்றவர்கள். சிலருக்குச் சொந்தப் பெயர்கூடப் பட்டியலில் இல்லை. இன்னாருடைய மகன் என்று மட்டும் இருக்கிறது. இரண்டு பேர் ராஜாவின் மகள்களைக் கட்டியவர்கள். அவர்கள் மாதத்தில் சரக்கு குறைந்தால் மாமனார் என்ன சொல்லியிருப்பார்? அரண்மனைக் குதிரைகளுக்கு வேண்டிய வாற்கோதுமையும் வைக்கோலும்கூட இவர்கள் தலையில்தான். மழை பொய்த்த மாதம் எவனுக்கு வந்தது? எதற்கும் பதில் இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வரைபடத்தைச் சுவரில் மாட்டி அந்தப் பகுதிகளைக் காட்டினேன். என் மகள் ஜெனி ஒன்பதாம் வகுப்பு. நானும் அவளும் விடுதி வளாகத்திலேயே குடியிருக்கிறோம். மற்ற பிள்ளைகளோடு படித்து, அவர்களோடு மெஸ்ஸிலேயே சாப்பிடுகிறவள். வகுப்பிலும் மெஸ்ஸிலும் அவளுக்கு நான் டீச்சர். அது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

அவள் எழுந்து வரைபடத்தில் விரலை வைத்தாள். “டீச்சர், இந்தப் பகுதி இத்துனூண்டு இருக்கு. இதுக்கும் ஒரு மாசம், இவ்ளோ பெரிய பகுதிக்கும் ஒரு மாசமா?”

“ராஜா பெரிய ஞானி. யோசிக்காமலா போட்டிருப்பாரு?”

“ராஜா யோசிச்சிருப்பாரு. அந்த மணியகாரன்கிட்ட கேட்டாரா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். “கேள்வி கேட்டது போதும், உக்காரு” என்றேன். உட்கார்ந்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் நடுவட்டத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன். இரண்டு ஜனவரிகளாக அவர்கள் அனுப்பியது பாதிக்கும் குறைவு. “மற்ற பதினோரு ஊர்களும் தவறாமல் அனுப்புகின்றன. இம்முறையாவது எட்டு மூட்டைக்குக் குறையாமல் அனுப்பவும்” என்று எழுதி, அதைப் படம் எடுத்து அங்கிருந்த மணியகாரர் முத்துராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “சரிங்க டீச்சரம்மா, இந்த வாட்டி கொறையாது” என்று குரல் பதிவு வந்தது.

3. எட்டு மூட்டை

ஜனவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஜீப் வந்தது. முத்துராஜ் முன் இருக்கையிலிருந்து இறங்கினார். அறுபதை நெருங்கியவர். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு நடுவட்டம் வந்து சேர்ந்தவர்.

“எண்ணிக்கங்க டீச்சரம்மா. எட்டு. ஒண்ணு கொறஞ்சாலும் என்னைய இங்கயே கட்டிப் போட்டுருங்க” என்றார்.

எட்டும் உருளைக்கிழங்கு, வாய் பிதுங்கத் தைத்த மூட்டைகள். எனக்குச் சந்தோஷம். டீ கொடுத்தேன். மூட்டையைப் பிரிக்கவில்லை. பதிவேட்டில் ‘நடுவட்டம் – நிறைவு’ என்று எழுதினேன். அதை எட்டிப் பார்த்து அவர் சிரித்தார்.

மறுநாள் காலை சமையல்காரப் பழனியக்கா முந்தானையில் இரண்டு கிழங்கை வைத்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க டீச்சர், கெழங்கு பூராவும் பச்சை கட்டிக் கெடக்குதுங்க. மொளை வேற உட்டிருக்குது.”

“நல்லா வேக வெச்சாச் சரியாயிரும்க்கா.”

“எங்கூட்ல இதை மாட்டுக்குக்கூடப் போட மாட்டோமுங்க. சரி, தோலைத் தடிமனா சீவியாச்சும் போடறனுங்க.”

“ஒரு மூட்டைக் கெழங்கை எப்ப சீவி முடிப்பீங்க? கழுவி வெட்டிப் போடுங்க. காணிக்கையா வந்ததுக்கு நொட்டை சொல்லக் கூடாது.”

“உங்க இஷ்டமுங்க” என்று போய்விட்டார்.

மதியம் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும். பிள்ளைகள் கிழங்கை ஓரமாக ஒதுக்குவதைப் பார்த்தேன். ஜெனியின் தட்டருகே நின்றபோது அவள் நிமிர்ந்து, “கசக்குதும்மா” என்றாள்.

அவள் ‘அம்மா’ என்றதுதான் எனக்கு உறுத்தியது. கசப்பு காதில் விழவில்லை. “மெஸ்ல நான் டீச்சர். எல்லாரும் உன்னையத்தான் பாக்கறாங்க. ஒழுங்கா முழுசாச் சாப்புடு” என்றேன்.

முழுசாகச் சாப்பிட்டாள். காப்பாளர் மகளே சாப்பிட்டுவிட்டாள் என்று பக்கத்து வரிசைப் பிள்ளைகளும் தட்டைக் காலி செய்தார்கள்.

நான்கு மணிக்கு முதலில் ஜெனி வாந்தி எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக, மொத்தம் ஒன்பது பேர். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப்பை நிறுத்தி, ஏற்றிய கொழுந்தை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு ஜெனியின் தலை என் மடியில் ஆடியது. கண்ணைத் திற என்றால் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள்.

டாக்டர் இளவயதுப் பெண். நான் பையில் எடுத்துப் போயிருந்த கிழங்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “பச்சை கட்டுன கிழங்குல ஒரு விஷம் சேரும்மா. வேக வெச்சாலும் போகாது. கசந்திருக்குமே, யாரும் சொல்லலையா?”

சொன்னவள் எதிர்க் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள்.

எட்டுப் பேர் மறுநாள் தெளிந்துவிட்டார்கள். ஜெனிக்கு மட்டும் நாடி இறங்கி, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அவள் இட்லி கேட்டாள். இன்றைக்கும் அவள் எதையாவது மெல்லும்போது ஒரு கணம் நிறுத்தினால் என் கை தானாக அவள் தட்டுக்குப் போகிறது.

4. சபை வராந்தா

எங்கள் விடுதிக் கமிட்டியின் செயலர் போன் செய்தார். “கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டிருக்காங்க டீச்சர். நடுவட்டத்தை லிஸ்ட்டுல இருந்து எடுத்துருவோம்.”

ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். நல்ல மனதில் சொல்லவில்லை. என் தலையில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு கிழங்கு பச்சை கட்டும். எட்டு மூட்டைக் கிழங்கும் எப்படிப் பச்சை கட்டும்? ஒரே நாளில் ஆகிற காரியம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, என்னைக்கூட.

ஊட்டி போய்ப் பஸ் மாறி நடுவட்டத்தில் இறங்கினேன். பத்து மணிக்கும் நிழல் பக்கத்தில் புல் வெள்ளையாக இருந்தது. உறைபனி பட்ட தேயிலைச் செடிகள் தீயில் வாட்டியதுபோல் கருகியிருந்தன. முத்துராஜுக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது; என்னைக் கண்டதும் தராசை இன்னொருவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“புள்ளைங்க எப்படிங்க இருக்கு?”

“நல்லாயிருக்காங்க. கிழங்கை எங்க வச்சிருந்தீங்கன்னு பாக்கணும்ண்ணா.”

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டிச் சின்னச் சபைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். கிழக்கே பார்த்த வராந்தா. வெயில் முழுக்க அங்கே விழுந்துகொண்டிருந்தது.

“இங்கதான் பரப்பி வச்சோம். உங்க லெட்டர் வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன். பனி விழுந்தா சனவரியில ஒண்ணும் மிஞ்சாது. அதனால டிசம்பர்லயே ஊட்டுக்கு ஒரு கூடை, ரெண்டு கூடைன்னு தோண்டிக் கொண்டாந்துட்டோம். மூட்டை கட்டுனா அழுகிரும்னு பரப்பினோம். பனி படாம மேல வெள்ளை பிளாஸ்டிக். பன்னி வரும்னு முறை போட்டுக் காவல் இருந்தோம். ஒரு மாசம்.”

ஒரு மாதம் முழுக்க வெளிச்சத்தில் இருந்தால் கிழங்கு பச்சை கட்டாமல் என்ன செய்யும்? அவர்கள் அலட்சியமாக ஓர் இருட்டு மூலையில் கொட்டி வைத்திருந்தால் கிழங்கு பச்சை கட்டியிருக்காது.

“உங்க வீட்டுல யாரும் சமைச்சுப் பாக்கலையாண்ணா? கசந்தது தெரிஞ்சிருக்குமே?”

அவர் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தார். “புள்ளைங்களுக்குன்னு எடுத்து வச்சத நாங்க எப்படிங்க தொடுறது?”

அவர்கள் மரியாதைக்காகத் தொடவில்லை. நான் மரியாதைக்காகப் பிரிக்கவில்லை. ஒரு கிழங்கை யாராவது ஒருவர் வாயில் வைத்திருந்தால் போதும்.

“ரொம்ப முடியாமப் போனது யாரு புள்ளைங்க?”

“எம்மவ.”

அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கோபமில்லாமல் கேட்டார். “ஏங்க டீச்சரம்மா, ஒருதரம் மூட்டைய அவுத்துப் பாத்திருக்கக் கூடாதா? நான் பக்கத்துலதானே நின்னேன்?”

நானும் படியில் உட்கார்ந்தேன். “ஜனவரி உங்களுக்கு ஆகாதுன்னு நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா.”

“யாரும் கேக்கலையே. நாங்களாச் சொன்னா, குடுக்க மனசில்லாதவனுங்கன்னுல்ல ஆயிரும்?”

5. பேரை எடுக்காதீங்க

கமிட்டிக் கூட்டத்துக்கு முத்துராஜையும் வரச் சொன்னேன். நடந்ததை முழுக்க, மெஸ்ஸில் நான் சொன்னதையும் சேர்த்து, எல்லோர் முன்னும் சொன்னேன். பழனியக்கா கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டார். சாலொமோன் முறையை நாம் பாதிதான் படித்திருக்கிறோம் என்றும் சொன்னேன். ராஜா இறந்த பிறகு ஜனங்கள் அவர் மகனிடம் போய், உங்கள் அப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டார்கள். அவன் குறைக்க மறுத்தான். நாடு இரண்டாகப் போனது. அந்த மணியகாரர்கள் நடுவில் நின்று என்ன பாடுபட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

செயலர் மோவாயைத் தடவினார். “அப்ப எடுத்துரலாம்ல? அவங்களுக்கும் பாரம் கொறையும்.”

முத்துராஜ் எழுந்தார். “மாசத்தை மாத்துங்க ஐயா. அளவைக் கொறைங்க. பேரை மட்டும் எடுக்காதீங்க. எங்க லயத்துப் புள்ளைங்களும் இங்க தங்கிப் படிச்சிருக்கு.”

பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஜனவரி இனி யார் முறையும் இல்லை. அந்த மாதம் ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிக்கொள்வது. அக்டோபரை நடுவட்டமும் இன்னொரு ஊரும் பாதியாகப் பகிர்ந்துகொள்வது.

புதிதாக விடுதி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. மூட்டையைப் பிரியுங்கள், கொண்டு வந்தவர் நிற்கும்போதே பிரியுங்கள். சமையல்காரர் சொன்னால் கேளுங்கள். ஒரு பிள்ளை கசக்கிறது என்றால், பதில் சொல்வதற்கு முன் அந்தத் தட்டிலிருந்து எடுத்து நீங்கள் ஒரு வாய் தின்று பாருங்கள்.

போன அக்டோபரில் முத்துராஜ் இரண்டு மூட்டையோடு வந்தார். தையலைத் தானே பிரித்து, பழனியக்காவிடம் கத்தி வாங்கி என்னிடம் நீட்டினார். “வெட்டிப் பாருங்க டீச்சரம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வெட்டினேன். உள்ளே சுத்தமான மஞ்சள்.

“மேலாப்புல எடுத்தா ஆச்சுங்களா? அடியில இருந்து ஒண்ணு எடுங்க” என்றார் பழனியக்கா.

“உங்ககிட்ட கொழுந்து நிறுக்கக் குடுத்தா எஸ்டேட்டே தாங்காது” என்றார் முத்துராஜ். அடியில் கைவிட்டு அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பள்ளி விட்டு வந்த ஜெனி புத்தகப் பையோடு அங்கேயே நின்றுவிட்டாள். அவள் யாரென்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் மண்ணோடு எழுந்து நின்றார்.

ஜெனிதான் பேசினாள். “தாத்தா, உங்க ஊர்ல எத்தனை வீடு?”

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மேல் லயத்திலிருந்து ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினார். இருபத்து மூன்று வந்தது. நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் அந்தப் பன்னிரண்டு மாத அட்டையை எடுத்து வந்து, நடுவட்டம் என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘இருபத்து மூன்று வீடு’ என்று எழுதினேன்.