பேரிங் போன கணினி

கணினியைப் போட்டால் பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க் வேலை செய்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு அடங்கிவிடும். போன மாதம் ஒரு நாள் காலையில் அடங்கவில்லை. நாற்பது நிமிடம் விடாமல் எரிந்தது. கூடவே கடகடவென்று சத்தம். முதலில் தெருமுனையில் திரும்பும் கண்டெய்னர் லாரி என்றுதான் நினைத்தேன். திருவொற்றியூரில் அது பழகிப்போன சத்தம். லாரி போன பிறகும் இது போகவில்லை.

அந்த டிஸ்கில் என் நாவல் இருந்தது. ஆறு வருடமாக, பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பும் முன் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். வேறெங்கும் பிரதி இல்லை. ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பென் டிரைவில் போட்டால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று பயம். மெயிலில் போட்டு வைக்கலாம், அதற்குச் சோம்பல். அழிந்தால் திரும்ப எழுத எனக்குத் தெம்பு கிடையாது. அது மட்டும் நிச்சயம்.

மூன்று காலை இதே கதை. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். டிஸ்க் போகப்போகிறது, கொண்டு வாருங்கள், உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். இவ்வளவு ஆறுதலாக ஒருவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் மணலியில் பம்ப் ஃபிட்டர். இருபது வருடமாகப் பம்ப்பின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி நோயைச் சொல்பவர். அதே ஸ்க்ரூடிரைவரோடு கணினியின் முன் மண்டியிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"பேரிங் போய்கினு கீது" என்றார். "ஓடற மிஷின நிறுத்தாத. நிறுத்தினா அப்பால எழுந்துக்காது. லோடும் ஏத்தாத."

எனக்கு அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? பிரதி எடுப்பதும் லோடு என்றார். சரி என்று கையைக் கட்டிக்கொண்டேன். நான்கு நாள் கணினி அணையவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்தோம். அந்த மூலையில் துடைப்பம்கூடப் போகவில்லை. யாராவது சுவிட்ச் பக்கம் போனால் கத்தினேன். நாவலைத் திறக்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. சிவப்பு விளக்கு போனது. மீன் கருகும் வாடை வந்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பட்டனை அவர்தான் அழுத்தினார், எனக்குக் கை வரவில்லை. எழுந்துகொண்டது. உடனே அதே கடகட, அதே விளக்கு. லோடாவது ஒன்றாவது என்று பென் டிரைவைச் சொருகினேன். அது எங்கே வந்திருக்கிறது என்று திரையில் தேடியபோது, நான் இதுவரை பார்த்திராத இன்னொரு டிஸ்க் அந்த வரிசையில் இருந்தது. திறந்தால் ஒரு ஃபோல்டர். 'அக்கா கதை' என்று பெயர். உள்ளே என் நாவல், நான்கு நாளுக்கு முந்தைய தேதியோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேதி இன்றைக்கு மாறியது.

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி போன மாதம் விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்புமுன், தூசு தட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான். நான் டீ கொடுத்ததோடு சரி. தன் பழைய டிஸ்க் ஒன்றை உள்ளே பொருத்தி, கணினி தொடங்கும்போதெல்லாம் இருப்பது அத்தனையையும் அதில் பிரதி எடுக்கும்படி செய்துவைத்திருக்கிறான். சாகிறது என்று நாங்கள் பயந்தது முழுக்க இந்த வேலைதான். நாற்பது நிமிடத்தில் விளக்கு அடங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய டிஸ்க் என்றால் பேரிங் தேய்ந்துதான் இருக்கும், தான் சொன்னது தப்பில்லை என்றார். கருகிய மீனை இருவரும் ருசித்துத் தின்றோம்.

தம்பிக்குத் திட்டி ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கப்பல் கரை சேர்ந்ததும், அவன் குரல் பதிவு ஒன்று வந்தது.

"யக்கா, சொன்னா நீ வேணாம்னுவ, அதான் சொல்லாம வெச்சேன். டிஸ்கு ஒழுங்கா கீதான்னு பாக்கசொல்ல முப்பது பக்கம் படிச்சிட்டேன். அப்பால இன்னா ஆச்சுன்னு தெரியாம இங்க பேஜாரா கீது. சீக்கிரம் முடி."

கேட்காமல் படித்ததற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தப் பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டேன். ஆறு வருடத்தில் அந்த நாவலுக்குக் கிடைத்த முதல் வாசகன் அவன்.