காற்றை இறக்கிவிட்டுத் தாழ்வுபாட்டுக்கு ஏழு கிலோமீற்றர்

கடந்த மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒரு சைக்கிள் குழு, மன்னார்த் தீவின் மணலில் முதன்முதலாகச் சைக்கிள் ஓடியவர்கள் தாங்களே என்று படங்களுடன் எழுதியிருந்தது. வாசித்ததும் வயிறு எரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக் காலத்தில், பதின்மூன்று வயதில் நான் ஓடிய பாதை அது. தலைக்கவசம் இல்லை, கியர் இல்லை, பின் பிரேக்கும் இல்லை. அங்கே போக நினைப்பவர்கள் என்னையும் கொஞ்சம் கேட்கலாம்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் மூன்றரைக்குத் தாழ்வுபாட்டில் பூட்போல் மேட்ச். வருடம் முழுக்க ஓரத்தில் இருந்த என்னை முதல் தடவையாக எங்கள் ஊரான பள்ளிமுனை அணியின் கோல்கீப்பராக எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் காலையிலேயே ட்ரக்டரில் போய்விட்டார்கள். எனக்கோ தேவாலயத்தில் மத்தியானத் திருமணப் பூசைக்குப் பீடப் பணி. கப்டன் டிலான் போகும்போது சொன்னான்: "மூண்டேகாலுக்கு நிக்காட்டி அன்ரன்தான் கோல். பிறகு என்னட்டை அழக்கூடாது."

2.05க்குப் புறப்பட்டேன். அதற்கு முன் இரண்டு ரயருக்கும் கல் மாதிரி காற்றடித்தேன். இறுகிய ரயர்தான் சைக்கிளுக்கு மரியாதை என்று எங்கள் தெருவே நம்பியது. என் வயதுக்காரியான மாமாவின் மகள் ரெஜினாவும் தன் லேடீஸ் சைக்கிளில் வந்தாள். கரைவலை இழுக்கும் மாமாவுக்கு நாளும் கடற்கரைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள்.

2.25க்குப் பட்டினம் தாண்டியதும் தெருவில் ஆமிச் சோதனை. எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். "கீரிக் கடற்கரையால போவம்," என்றாள் ரெஜினா.

மணலில் ஐம்பது மீற்றர் போகவில்லை, முன் சில்லு புதைந்து நான் ஹாண்டிலுக்கு மேலால் பறந்தேன். ரெஜினா சிரித்து முடித்தாள். பிறகு வந்து குனிந்து, என் இரண்டு ரயரின் வால்வையும் தளர்த்தினாள். உஸ் என்று காற்றுப் போனது.

"விசரே உனக்கு? பம்ப் வீட்டை கிடக்கு!"

"நல்லது. இனி உன்னால திருப்பி அடிக்கேலாது."

"நான் பிந்தோணும் எண்டுதானே செய்யிறாய்?"

"டேய், இறுகின ரயர் மணலை வெட்டும். சப்பை ரயர்தான் மேலால போகும். ஈர மண்ணை விட்டு விலகாதை. பத்தைப் பக்கம் போனியோ, மேட்சும் இல்லை, காலும் இல்லை."

பற்றைகளுக்குள் மிதிவெடி இருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அலை நக்கிவிட்டுப் போன விளிம்பில் ஏறினேன். சைக்கிள் ஓடியது! நண்டுகள் இரண்டு பக்கமும் சிதறின. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

கடற்கரைக் காவலரணில், சென்றி என்போம், ஆமிக்காரன் மறித்தான். "எங்க போறது?"

"மேட்ச், சேர். இவர்தான் கோல்கீப்பர்," என்றாள் ரெஜினா.

காது நிறைய மணலோடு நின்ற கோல்கீப்பரைப் பார்த்து அவன் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினான்.

3.10க்கு மைதானத்தில் நின்றோம். அன்ரன் ஏற்கெனவே கோல்கீப்பர் உடுப்பில் நின்றான்.

"அவன் உடுத்திட்டான். இனி மாத்தேலாது," என்றான் டிலான்.

"மூண்டேகாலுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு," என்றாள் ரெஜினா. அவன் அன்ரனையே கோலுக்கு அனுப்பினான்.

நான்குக்குப் பூச்சியம் தோற்றோம். ஒரு நாள்கூட நான் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. டிலான் இப்போது கனடாவில். முகநூலில் அவன் அனுப்பிய நட்பு அழைப்பு ஆறு வருடமாக அப்படியே கிடக்கிறது.

போகிறவர்களுக்கு: ரயரைப் பெருவிரலால் அழுத்தினால் நன்றாக அமுங்க வேண்டும். கடல் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேளுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் போகாதீர்கள். கைப்பம்ப் கட்டாயம். வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், உப்பு ஒரே கிழமையில் தின்றுவிடும்.

திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று ஐந்து மணிக்குத் தெரு திறந்துவிட்டது. "வாடா, சைக்கிளையும் ஏத்தலாம்," என்று டிலான் ட்ரக்டரிலிருந்து கூப்பிட்டான். நான் சைக்கிளைக் கடல் பக்கம் திருப்பினேன். அன்ரன் விட்ட நான்கு கோலையும் ஒற்றைக் கையால் வரிசையாக நடித்துக் காட்டியபடி ரெஜினா முன்னால் போனாள்.