விவரமான ஜெபம்

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அவரவர் எழுந்து ஜெப விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். அதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். "எல்லாரையும் ஆசீர்வதியும்னு பொத்தாம் பொதுவாக் கேட்டா என்னங்க பிரயோஜனம்? ஆளு, ஊரு, நாளு, கெழமை எல்லாம் சொல்லிக் கேக்கோணும்" என்பார் பாஸ்டர். அப்படியே பழகிவிட்டோம். எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் யார் வீட்டு மாடு எந்தப் பக்கம் படுத்து முனகுகிறது என்பது வரைக்கும் ஆண்டவருக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம். சபையில் இருக்கிற நாற்பது பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

நான் தையல்காரி. கல்யாணமான புதிதில் ஏழு வருஷம் மும்பையில் குப்பை கொட்டியதில் இந்தி வாய்க்கு வந்துவிட்டது. அந்த ஒரே தகுதிக்காக, மிளகு எஸ்டேட்டுகளுக்கு வேலைக்கு வந்த ஜார்கண்ட் குடும்பங்களுக்கான ஊழியத்தை என் தலையில் கட்டினார்கள். மாதம் ஒரு முறை அரிசி, பருப்பு, பழைய துணி கொடுப்போம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருவேன். அரிசி கொடுக்கும்போது போட்டோ எடுப்பார்கள். மூட்டையின் ஒரு முனையை வேலைக்காரப் பெண் பிடிப்பாள், மறு முனையை எஸ்டேட் முதலாளியின் மனைவி பிடிப்பார். அவர்தான் எங்கள் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. தோட்டத்தில் கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் இந்த மூட்டைக்கே வேலையில்லையே என்று எனக்கு அப்போதே வயிறு எரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சபைக்குக் கூரை போட்டுக் கொடுத்தது அவர்கள் குடும்பம்.

அந்தத் தலைவியின் எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கான லைன் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னை அக்கா முறை வைத்து, இந்தியில் தீதி, தீதி என்று கூப்பிடுவாள். அவளுடைய ஆறு வயது மகள் என் சாயங்கால வகுப்பில் 'ழ' எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மேஸ்திரி அவனை நாட்டுக்கட்டு போடுகிறவரிடம் கூட்டிப் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, லைன் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மூன்று வாரமாகியும் வீக்கம் வடியவில்லை. கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவள் கெஞ்சியதற்கு, பறிப்பு முடியட்டும் என்று பதில் வந்ததாம். அவளும் பறிக்கிறவள், அவள் போனால் இரண்டு கை குறையும் அல்லவா! புருஷன் பெண்டாட்டி இருவரின் ஆதார் கார்டும் மேஸ்திரி பையில் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை கிழிந்த பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தாள். பாவாடை ஒரு சாக்குதான். "தீதி, என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். புதன்கிழமை நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறான், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். முதல் பஸ்ஸில் எங்களை ஏற்றிவிடு. கார்டு போனால் போகட்டும், அவர் கால் இருந்தால் போதும். யாரிடமும் சொல்லாதே" என்று இந்தியில் கிசுகிசுத்தாள். அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

யாரிடமும் சொல்லாதே என்றால், எங்கள் ஆட்களுக்கு மனுஷர்களிடம் சொல்லாதே என்றுதான் அர்த்தம். ஆண்டவரிடம் சொல்லலாமே! ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன்.

"பொழைக்க வந்த எடத்துல ஒரு சகோதரருக்குக் கால் முறிஞ்சிருக்குதுங்க. புதன்கெழமை மொத பஸ்ஸுல சம்சாரம், கொழந்தையோட மலை எறங்கறாங்க. எழுபது வளைவுலயும் கர்த்தர் கூட இருக்கோணும்."

பேரைச் சொல்லவில்லை. ஆஹா, எத்தனை கெட்டிக்காரி நான்! கால் முறிந்து கிடக்கிற வெளியூர்க்காரன் இந்த மலையில் எத்தனை பேர் இருந்தான்?

தலைவி கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, எல்லாரையும் விடச் சத்தமாக ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல காரியம் பண்றே கண்ணு. அந்தக் காலோட எப்படி நடப்பாங்க, எந்த ஸ்டாப்புல ஏறறாங்க?" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் இட்லிப் பொட்டலமும் பிளாஸ்கில் பாலுமாக ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. அவர்கள் வரவில்லை. கண்டக்டரைக் கெஞ்சிக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், பஸ் கிளம்பிவிட்டது. லைன் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. கொடியில் அந்தக் குழந்தையின் கவுன் எடுக்காமல் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஜாடையாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமை மத்தியானமே பிக்கப் வண்டி வந்து மூன்று பேரையும் ஏற்றிப் போய்விட்டதாகச் சொன்னாள். கர்நாடகாவில் ஏதோ காப்பித் தோட்டமாம். தூக்கி வண்டியில் போட்டபோது அவன் போட்ட கூச்சலில் லைனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழுதுவிட்டார்களாம்.

நாமக்கல்லில் நின்ற தம்பி எனக்குப் போன் செய்தான். "தீதி, பஸ் வந்துவிட்டது. இவர்கள் இறங்கவில்லையே?" அக்காவின் போன் அணைந்து கிடக்கிறது என்றான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் சபையில் என்ன சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நேராகத் தலைவி வீட்டுக்குப் போனேன். பாஸ்டரும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "வேற தோட்டத்துல உக்காந்து பாக்கற வேலைன்னு அனுப்பியிருக்குதுங்க. அதுக்கு ஏன் கண்ணு இந்தக் கத்துக் கத்தறே?" என்றார் தலைவி.

"அழுகற காலை வெச்சுக்கிட்டு என்ன வேலைங்க உக்காந்து பாக்கறது? உங்க ஊட்டு ஆளுன்னா இப்படித்தான் அனுப்புவீங்களா?" என்று கத்தினேன்.

பாஸ்டர் என்னை வாசலுக்கு அழைத்து வந்தார். "கோவத்தை ஆண்டவர்கிட்ட விட்ருங்க."

"அவருகிட்டச் சொன்னதுதானுங்க வெனை" என்றேன்.

போலீஸுக்கும் போனேன். நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பி குடகுப் பக்கம் இரண்டு முறை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் தலைவி எழுந்தார்.

"போன வாரம் ஒரு சகோதரருக்காக எல்லாரும் கண்ணீரோட கேட்டோமுங்க. ஒடஞ்ச காலோட பஸ்ஸுல அல்லாட உடாம, கர்த்தர் ஊட்டு வாசலுக்கே வண்டிய அனுப்பிட்டாருங்க. நாம புதன்கெழமைக்குக் கேட்டோம், அவரு திங்கக்கெழமையே குடுத்துட்டாரு!"

அல்லேலூயா என்றது சபை. பழக்க தோஷம், என் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் எழுந்து வெளியே வந்தேன். அதற்கப்புறம் அங்கே போகவில்லை. தம்பி இன்னமும் மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து, ஏதாவது தெரிந்ததா தீதி என்று கேட்கிறான். அந்த மனுஷனுக்குக் கால் இருக்கிறதா, ஆளே இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.